பேரெழுதாத மாத்திரைக் கவர்: சிவகாசி வட்டார டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களுக்கும் சிறு மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கும்,

அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். உங்களில் பலருடைய சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரிகளில் உங்களில் சிலருடைய வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. அந்த உரிமையோடும் நன்றியோடும் எழுதுகிறேன். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் அலமாரியைப் பற்றிப் பேச வேண்டும். தூக்க மாத்திரைகள், படபடப்புக்கான மாத்திரைகள், பழக்கமாகிவிடக்கூடிய வலி மாத்திரைகள் அதில் இருக்கின்றன. அவற்றை வாங்கியதற்கும் கொடுத்ததற்கும் பல கிளினிக்குகளில் கணக்கு இல்லை. கணக்கு வையுங்கள், கொடுக்கிற கவரில் மருந்தின் பேரை எழுதுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் இந்த நீண்ட மடல்.

சாயங்காலம் பட்டாசு ஆலைகளின் பயராபீஸ் பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்ட பிறகுதான் உங்கள் கிளினிக்குகளில் கூட்டம் கூடும். இடுப்புவலி, கைக்கடுப்பு, மேல்வலி, ராத்திரி தூக்கமில்லை. ஒரு ஊசி, மூன்று வேளைக்கு மாத்திரை. கம்பவுண்டர் அட்டையிலிருந்து வெட்டியோ டப்பாவிலிருந்து எண்ணியோ மாத்திரைகளை ஒரு சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருவார். காலை, மதியம், இரவு என்று கவரின் மேல் கோடு இருக்கும். மருந்தின் பெயர் இருக்காது. கொடுத்த டாக்டரின் பெயரும் இருக்காது. ஊசி, மாத்திரை, ஆலோசனை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை.

இந்த முறையே தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்தால் மெடிக்கலில் முழு அட்டையையும் வாங்கச் சொல்வார்கள். மூன்று நாள் மாத்திரை வேண்டியவர் பத்து மாத்திரைக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். வாரக் கூலியை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற வீட்டுக்கு உங்கள் கவர் ஒரு பெரிய உதவி. மிச்ச மாத்திரை வீட்டில் கிடக்காது என்பதும் நல்லதுதான். பாராசிட்டமால், அமிலத்துக்கான மாத்திரை, வைட்டமின் மட்டும் அந்தக் கவரில் இருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் இரவு என்று கோடு போட்ட கவரில் பல நேரம் டயஸிபாம் இருக்கிறது, அல்பிரசோலம் இருக்கிறது, குளோனசெபாம் இருக்கிறது. வலிக்கென்று டிரமடால் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மனமயக்கப் பொருள்கள் என்று பட்டியலிட்டவற்றில் இந்த நான்கும் உண்டு. டிரமடாலை 2018இல்தான் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய பழக்கத்தில் அதைச் சாதாரண வலி மாத்திரையாகவே கையாளுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி முடிந்த வாரத்தில், பேக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை வலிப்பு என்று தூக்கி வந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர். அதற்கு முன் வலிப்பு வந்ததே இல்லை. சர்க்கரை அளவு சரியாக இருந்தது, காய்ச்சலும் இல்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டியூட்டி டாக்டர் கேட்டபோது மகள் ஒரு காலிக் கவரை எடுத்து நீட்டினாள். அதில் கோடு மட்டும்தான். "நைட்டுக்கு ஒரு சின்ன மாத்திரைங்க. அதைப் போட்டாத்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரும். ரொம்ப நாளா சாப்புடுறாங்க" என்றாள். பண்டிகைக்காக அந்தக் கிளினிக் மூடியிருந்தது. மாத்திரை தீர்ந்து சில நாளாகியிருந்தது. டாக்டர் அனுபவசாலி; விஷயத்தை ஊகித்து, அதற்கேற்ற மருந்தைக் கொடுத்தார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. அல்பிரசோலம் போன்றவற்றை மாதக்கணக்கில் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பது நீங்கள் கல்லூரியிலேயே படித்தது. ஆனால் அந்த மாத்திரையை விழுங்குகிறவருக்கு அது தெரியாது. தான் சாப்பிடுவதன் பேரே தெரியாதவருக்கு, அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பது எப்படித் தெரியும்? பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988லேயே இந்த வகை மாத்திரைகளை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்று டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது. நம் ஊரில் அதே மாத்திரை வருஷக்கணக்கில் போவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணம் இல்லை. சென்ற மாதம் என்ன கொடுத்தோம், அதற்கு முந்தைய மாதம் எத்தனை கொடுத்தோம் என்று திருப்பிப் பார்க்க உங்கள் மேசையில் எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. நோயாளி வருகிறார், "அதே மாத்திரை" என்கிறார், கம்பவுண்டர் அதையே எண்ணிப் போடுகிறார்.

நம் ஊர்த் தொழிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். டயஸிபாம் உடம்பிலிருந்து பாதியளவு இறங்கவே ஒரு நாள் முதல் இரண்டு நாள் ஆகும். அது உடம்புக்குள் மாறி உருவாகிற பொருள் அதைவிட நீண்ட நேரம் தங்கும். இரவு பத்து மணிக்குச் சாப்பிட்ட மாத்திரை காலையில் கண்ணை விட்டுப் போயிருக்கலாம், கையை விட்டுப் போயிருக்காது. தினமும் சாப்பிட்டால் சேர்ந்துகொண்டே போகும். பட்டாசு மருந்து கலக்கிற வேலை வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டிய வேலை. விடியற்காலையில் அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கந்தகமும் கையாளுகிறவருக்கு நிதானம்தான் கவசம். கொஞ்சம் வேகமாகத் தேய்த்தாலோ, கையிலிருப்பது நழுவினாலோ அந்த அறையில் இருக்கும் எல்லோருடைய உயிரும் போகும். இரவு மாத்திரை எழுதுவதற்கு முன் "பயராபீஸ்ல என்ன வேலை பாக்குறீங்க, கலவையா, பேக்கிங்கா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இதைக் கேட்கும் வழக்கம் சென்னை டாக்டருக்கு வராது, உங்களுக்கு வந்தாக வேண்டும்.

இந்த ஊருக்குச் சேமிப்பு விதி புதிதல்ல. பட்டாசு ஆலைக்கு உரிமம் கொடுக்கும்போதே எந்த அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு வெடிமருந்து வைக்கலாம், குடோனில் இருப்பு எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிறார்கள். இருப்புக்குப் பதிவேடு உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேரையும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டவர்களையும் வெடி விபத்துகளில் பறிகொடுத்தோம். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் உங்களில் பலர் கோபத்தோடு கேட்டதைக் கேட்டிருக்கிறேன்: "அளவுக்கு மேல ஏன் வெச்சான்? கணக்கு எங்கே?" நியாயமான கேள்வி. அலமாரியில் இருக்கும் மருந்துக்கும் அதையே கேட்கிறேன்.

"நாங்கள் டாக்டர்கள், எங்கள் நோயாளிக்கு நாங்கள் மருந்து கொடுக்க உரிமம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். உரிமம் வேண்டாம்தான். ஆனால் அந்தச் சலுகைக்கு நிபந்தனை உண்டு. மருந்துகள் விதிகள் 1945இன் கே அட்டவணை, பதிவுபெற்ற மருத்துவர் தன் சொந்த நோயாளிக்கு மருந்து கொடுப்பதை விற்பனை உரிமத்திலிருந்து விலக்கிவைக்கிறது. கடை விரித்து விற்கக் கூடாது. உரிமம் பெற்ற வியாபாரியிடமோ தயாரிப்பாளரிடமோதான் வாங்க வேண்டும், வாங்கியதற்குப் பதிவு இருக்க வேண்டும், ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும். அதே விதிகளின் ஜி, எச், எக்ஸ் பட்டியல் மருந்தாக இருந்தால் இன்னும் சில வேலை உண்டு: கவரில் டாக்டரின் பேரும் முகவரியும் எழுத வேண்டும். மருந்தின் பேர், அளவு, நோயாளியின் பேர், கொடுத்த தேதி ஆகியவற்றைக் கொடுக்கும்போதே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதிவேட்டின் வரிசை எண்ணைக் கவரிலும் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் பாதுகாக்க வேண்டும். நான் கேட்பதாகச் சொன்னேனே, அந்தக் கணக்கைச் சட்டம் எப்போதோ கேட்டுவிட்டது.

இந்தச் சலுகை வெறும் காகிதத்தில் இருப்பதல்ல. சென்னையில் ஒரு தோல் மருத்துவரின் கிளினிக்கில் கொஞ்சம் லோஷனும் களிம்பும் இருந்ததற்காக, உரிமமின்றி விற்பனைக்கு வைத்திருந்தார் என்று வழக்குப் போட்டார்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் துறைத் தலைவராக இருந்தவர் அவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சிறிய அளவு, சொந்த நோயாளிகளுக்கு, திறந்த கடை இல்லை என்று பார்த்து, கே அட்டவணையைச் சுட்டிக்காட்டி 2023இல் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பாதுகாப்பு. அதைப் படித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு இன்னொரு தீர்ப்பையும் சேர்த்துப் படியுங்கள். ரிஷிகேஷில் வலிப்பு நோய்க்குச் சிகிச்சை தந்துவந்த ஓர் ஆயுர்வேத மருத்துவரிடமிருந்து மனமயக்க மருந்துகள் கைப்பற்றப்பட்டன. அந்த மருந்துகள் என்.டி.பி.எஸ். விதிகளின் முதல் பட்டியலில் இல்லை, ஆகவே அந்தச் சட்டத்தின் தடை பொருந்தாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் கருதியது. அவருடைய ஜாமீன் நிலைத்தது. எட்டு ஆண்டு கழித்து, 2014இல், மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தக் கருத்து தவறு என்றது. சட்டத்தின் பட்டியலில் இருக்கும் மனமயக்கப் பொருள் எதுவானாலும், மருத்துவத்துக்காக என்றாலும்கூட, விதிகள் சொன்ன முறைப்படிதான் வைத்திருக்கலாம் என்று நிலைநாட்டியது. "நான் டாக்டர்" என்ற ஒற்றைப் பதில் அன்றோடு போதாமல் போயிற்று. என்.டி.பி.எஸ். விதிகளின் 66ஆவது விதி மருத்துவமனையும் டிஸ்பென்சரியும் தேவைக்குத் தகுந்த அளவு வைத்திருக்க இடம் தருகிறது. அதே மூச்சில் சரியான கணக்கையும் கேட்கிறது. தனி ஆள் தன் சொந்த மருத்துவத் தேவைக்கு ஒரு சமயத்தில் 100 மாத்திரை அளவு வரை வைத்திருக்கலாம். டாக்டர் நீண்ட நாள் உபயோகத்துக்கென்று குறிப்பாக எழுதிக் கொடுத்தால் 300 வரை போகலாம்.

கணக்கு இல்லாதபோது என்ன ஆகும் என்பதை ஒரு எண்ணோடு சொல்கிறேன். பயமுறுத்த அல்ல, உங்களில் யாரும் இதில் சிக்கக் கூடாது என்பதற்காக. அல்பிரசோலத்துக்கு வணிக அளவு 100 கிராம். அதற்கு மேல் சட்டவிரோதமாக வைத்திருந்தால் குறைந்தது 10 ஆண்டு சிறை, ஜாமீனும் லேசில் கிடைக்காது. அரை மில்லிகிராம் மாத்திரையில் 100 கிராம் சேர லட்சக்கணக்கில் மாத்திரை வேண்டுமே என்று தோன்றும். ஆனால் கலவையில் சுத்தமான மருந்தின் எடையை மட்டும் பார்க்கக் கூடாது, முழு எடையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு மாத்திரை 100 மில்லிகிராம் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மாத்திரைக்கே 100 கிராம் வந்துவிடுகிறது. மொத்தமாக வாங்கிய சில டப்பாக்கள்தான். பில்லும் பதிவேடும் இருப்பவருக்கு இந்த எண் ஒரு பொருட்டில்லை. அவை இல்லாதவர், நல்ல டாக்டராகவே இருந்தாலும், ஒரு கம்பவுண்டர் நான்கு அட்டையைத் திருடி வெளியே விற்று மாட்டிக்கொள்ளும் நாளில் எதைக் காட்டுவார்?

திருட்டு என்று சொன்னது கற்பனை இல்லை. டபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டு நகரங்களில் இளைஞர்களைச் சாகடித்திருக்கிறது. மாத்திரைகள் வருகிற வழிகள் பல. கணக்கில்லாத கிளினிக் அலமாரியும் அதில் ஒன்றாகிவிடக் கூடாது. 2014 மார்ச் முதல் எச்1 பட்டியல் மருந்துகளுக்கு மெடிக்கல் கடைக்காரர் தனிப் பதிவேடு வைக்க வேண்டும், எழுதிய டாக்டரின் பேரும் நோயாளியின் பேரும் கொடுத்த அளவும் அதில் ஏற வேண்டும், மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அல்பிரசோலம், டயஸிபாம், சோல்பிடெம், டிரமடால் எல்லாம் அதில் அடங்கும். தெருமுனைக் கடைக்காரர் தட்டுத் தடுமாறி எழுதுவதை அதே தெருவில் இருக்கும் டாக்டர் எழுதாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மருந்துக் கம்பெனி ரெப் கொண்டுவந்து வைக்கும் சாம்பிளைப் பற்றியும் ஒரு வரி. 2024 மார்ச்சில் வந்த மருந்துச் சந்தைப்படுத்தல் நெறிமுறை, தூக்கம் வரவைக்கும் மருந்துகளையும் மனத்தை அமைதிப்படுத்தும் மருந்துகளையும் சாம்பிளாகத் தரவே கூடாது என்கிறது. தந்தால் வாங்காதீர்கள்.

இனி நான் அதிகம் அக்கறைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலைப் படித்துவிட்டு, "வம்பே வேண்டாம், இந்த மருந்துகளையே இனி வைப்பதில்லை, எழுதுவதில்லை" என்று யாராவது முடிவு செய்தால் நான் எழுதியது வீணாகப் போய்விடும். வீண் மட்டுமல்ல, கெடுதலும்கூட. அந்தக் கெடுதலை இந்த நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 1985இல் இந்தியாவில் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்பின் நூற்றுக்கணக்கான கிலோ. அந்த வருஷம்தான் என்.டி.பி.எஸ். சட்டம் வந்தது. பத்து ஆண்டுச் சிறைக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்பினைக் கைகழுவின. 1997இல் அது 18 கிலோவாக இறங்கியிருந்தது. புற்றுநோய் குறைந்துவிடவில்லை, தீக்காயம் குறைந்துவிடவில்லை. வலியோடு மக்கள் செத்தார்கள், கொடுக்கத் தெரிந்த டாக்டர்கள் பக்கத்தில் நின்றார்கள். அந்தத் தவற்றைத் திருத்தச் சட்டத்துக்கு 2014 வரை ஆயிற்று. மார்பின், பென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று பிரித்து, மருத்துவமனைகளுக்கு வழியை எளிதாக்கினார்கள்.

பயத்தால் வேறொரு கேடும் வரும். நியூயார்க் மாநிலத்தில் 1989இல் டயஸிபாம் வகை மாத்திரைகளுக்கு மூன்று படியெடுக்கும் சீட்டைக் கட்டாயமாக்கினார்கள். எழுதுவது கணிசமாகக் குறைந்தது. ஆனால் பல டாக்டர்கள் மெப்ரோபமேட் போன்ற பழைய மருந்துகளுக்குத் திரும்பினார்கள்; அளவு கூடினால் ஆளைக் கொல்லும் வாய்ப்பு அவற்றில்தான் அதிகம். அதனால்தான் நான் உங்களிடம் இன்னும் கடுமையான சட்டம் கேட்கவில்லை. இருக்கிற எளிய விதியைச் செய்யச் சொல்கிறேன்.

மருந்து எட்டாமல் போவது சிவகாசிக்கு இன்னும் நெருக்கமான விஷயம். நம் அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. உடம்பில் பாதி வெந்தவருக்கு நாள் தவறாமல் டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும். அந்த அறைக்கு வெளியே நின்று கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். கெட்டமின் ஊசி போட்டால் மூச்சு அடங்காமலேயே வலி மரத்துப்போகும். மயக்க மருந்து நிபுணர் எந்நேரமும் இல்லாத இடங்களிலும் அது கைகொடுக்கும். அதே கெட்டமின் 2011 முதல் என்.டி.பி.எஸ். பட்டியலில் இருக்கிறது, பிறகு எக்ஸ் பட்டியலிலும் சேர்ந்தது. பூட்டிய தனி அலமாரி வேண்டும், இரண்டு படிச் சீட்டு வேண்டும். 2015இல் அதை உலக அளவில் கட்டுப்பட்டியலில் ஏற்றச் சீனா முயன்றபோது உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வேண்டாம் என்று நின்றது. ஏழை நாடுகளின் அறுவை சிகிச்சை நின்றுபோகும் என்பதுதான் காரணம். இரண்டாயிரம் ஊசி செலவாகிற தீக்காய வார்டில் பதிவேடு ஒழுங்காக இருந்தால், அடுத்த மாதம் மூவாயிரம் கேட்கும் தைரியம் வரும். கணக்கு குழம்பினால் ஒரு விசாரணையோடு ஊசி நின்றுவிடும், நாளைக்கு டிரெஸ்ஸிங் மேசையில் படுக்கிறவர் அதை அனுபவிப்பார்.

படுக்கை வசதி உள்ள மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கு: சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. உடைத்த ஆம்பூலில் மிச்சம் இருந்தால் இரண்டு பேர் முன்னிலையில் கொட்டி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஷிப்ட் மாறும்போது எண்ணிப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் "என் ஸ்டாஃப் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்பார்கள். இங்கிலாந்தில் ஹரால்ட் ஷிப்மன் என்ற டாக்டரையும் ஊரே நம்பியது. இறந்துபோன நோயாளிகளின் பேரில் எழுதியதையும் மிச்சமானதையும் சேர்த்துவைத்த டயமார்பினால் அவர் நோயாளிகளைக் கொன்றார். 2000இல் தண்டனை பெற்றார். கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று விசாரணை ஆணையம் கண்டறிந்தது. ஒற்றை டாக்டர் தன் மருந்தைத் தானே வாங்கி, தானே வைத்து, யாருக்கும் கணக்குக் காட்டாமல் இருந்ததுதான் அதற்கு வழிவிட்டது. உங்களில் ஒருவரையும் அந்த ஆளோடு வைத்துப் பேசவில்லை. நல்ல டாக்டரைச் சந்தேகத்திலிருந்து காப்பதும் அந்த இரண்டாவது கையெழுத்துதான்.

மனநோய்க்கான எல்லா மருந்துகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பயப்பட வேண்டாம். நம் ஜனங்கள் எல்லாவற்றையும் நரம்பு மாத்திரை என்கிறார்கள். ரிஸ்பெரிடோன், ஃபுளுவாக்ஸெட்டின், அமிட்ரிப்டிலின், லித்தியம் இவையெல்லாம் என்.டி.பி.எஸ். பட்டியலில் இல்லை. தூக்கமில்லை என்று வருகிற பெண்ணுக்கு உண்மையில் இருப்பது பல நேரம் மனச்சோர்வு. குழுக்கடன், வீட்டுக்காரரின் குடி, விபத்தில் போன தங்கை. அதற்கு ராத்திரி மாத்திரை மருந்தல்ல. அதைத் தினமும் கொடுத்தால் அவளுடைய நோய் மறைந்து நிற்கும், தற்கொலை எண்ணம் இருந்தால் கையில் மாத்திரையும் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்டவரை அனுப்ப, 2022 முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் போன் போட்டுப் பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பெறும் உரிமையைத் தருகிறது. மருந்து எட்டாத மனநோயாளிகளுக்கு என்ன நடந்தது என்பதற்குப் பக்கத்து மாவட்டத்தில் ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். எந்தக் கட்டுப்பாடும் மருந்தை நோயாளியிடமிருந்து தூரமாக்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

"எழுத நேரம் எங்கே?" என்பீர்கள். எல்லா மாத்திரைக்கும் எழுதச் சொல்லவில்லை. பட்டியல் மருந்துகளுக்கு முதலில் தொடங்குங்கள். ஒரு சாயங்காலத்தில் இந்த வகை மாத்திரை வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு வரி எழுத அரை நிமிஷம். கம்பவுண்டர் எழுதட்டும், ராத்திரி கிளினிக் மூடும்போது நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். கவரில் ரப்பர் ஸ்டாம்ப் போதும்: உங்கள் பேர், முகவரி, போன் நம்பர், கீழே மருந்தின் பேருக்கு ஒரு கோடு. மருந்தின் பேரைத் தமிழில் எழுதினால் இன்னும் நல்லது. பழைய நோயாளிகளிடம் "இனிமேல் கிடையாது" என்று ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். மெல்லக் குறையுங்கள். பண்டிகைக்குக் கிளினிக்கை மூடும் முன், யாருக்கெல்லாம் மாத்திரை தீரும் என்று பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

"பதிவேடு வைத்தால் அதையே வைத்து எங்களை இழுப்பார்கள்" என்ற பயமும் எனக்குப் புரிகிறது. சில அதிகாரிகள் உதவ வராமல் மிரட்ட வருகிறார்கள் என்பது உண்மை. தனித்தனியாக இருந்தால் பயமாகத்தான் இருக்கும். உங்கள் இந்திய மருத்துவச் சங்கக் கிளையின் அடுத்த கூட்டத்துக்கு மாவட்ட மருந்து ஆய்வாளரை அழையுங்கள். எந்தெந்த மருந்துக்கு எப்படி எழுத வேண்டும், பழைய இருப்பை எப்படிக் கணக்கில் கொண்டுவர வேண்டும், காலாவதியானதை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்று அவரிடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பவுண்டர்களையும் நர்சுகளையும் அந்தக் கூட்டத்தில் உட்காரவையுங்கள்.

பதிவேட்டுக்கு ஒரு மாதிரிப் படிவம் தயாரித்திருக்கிறேன். தேதி, வரிசை எண், நோயாளியின் பேர், செய்யும் வேலை, மருந்து, எத்தனை, எத்தனை நாளுக்கு, இதற்கு முன் கடைசியாகக் கொடுத்த தேதி, மீதி இருப்பு, கையெழுத்து. வேலை என்ற கட்டம் சட்டத்தில் இல்லை. நம் ஊருக்காக நான் சேர்த்தது. அச்சுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. சங்கத்தின் பேரில் ஒரு கட்டு அடித்துக் கொடுக்க ஒரு அச்சகத்தார் சம்மதித்திருக்கிறார். கூட்டத்துக்கு நாள் குறித்துச் சொல்லியனுப்பினால் நானே கொண்டுவந்து தருகிறேன். முதல் சில வாரம் எழுதிப் பழகக் கம்பவுண்டர்களுக்குத் துணை வேண்டும் என்றாலும் சாயங்காலங்களில் வந்து உட்காரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்,
திருத்தங்கல்.